ஒன்பதாம் எண்

பள்ளிப் பேருந்துக்கு ஜூலையில் வேலையில்லை.
ஆகவே ஸ்கெனெக்டடியிலிருந்து நாற்பது நிமிடம்
சொந்தக் காரை ஓட்டிக்கொண்டு
சரடோகாவுக்குப் போவேன்,
பந்தயச் சீட்டு விற்க.

பதினோரு கோடை.
ஒரு பந்தயமும் பார்த்ததில்லை.
ஓடுதளம் என் முதுகுக்குப் பின்னால், இரண்டு சுவர் தாண்டி.
தொலைக்காட்சி என் தலைக்கு மேலே தொங்கும், அவர்களுக்காக.
எனக்கு அவர்கள் முகம்தான் திரை.
வளைவில் வாய்கள் திறக்கும்,
கடைசி இருநூறு கஜத்தில் புருவம் ஏறும்,
பிறகு தரையெல்லாம் சீட்டு.
கண்ணாடியில் பிள்ளைகளைப் பார்த்தே வண்டி ஓட்டுகிறவளுக்கு
இதொன்றும் பெரிய வித்தையில்லை.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை.
வியர்வையில் நிறம் மாறிய வைக்கோல் தொப்பியோடு
டெலானி வந்து "ஃபைவ்" என்றான்.
கொம்பு ஊதி முடித்திருந்தார்கள்,
பக்கத்து ஜன்னல் லூர்தெஸ் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள்,
என் காதில் "நைன்" என்று விழுந்தது.
ஐந்துக்கும் ஒன்பதுக்கும் தமிழில்
ஒட்டுமில்லை, உறவுமில்லை.
தமிழில் கேட்டிருந்தால் நூறு டாலர் தப்பியிருக்கும்.

சீட்டைப் படித்துவிட்டு அவன் திரும்பி வந்தபோது
மணி அடித்து எந்திரம் பூட்டிக்கொண்டது.
விதி எளிது: யார் விரல் தப்பு செய்ததோ
அவருக்கே சீட்டு.
பெட்டியிலிருந்து ஐந்து இருபதுகளை எடுத்துக் கொடுத்தேன்.
இரவு கணக்கு முடிக்கும்போது நான்தான் நிரப்ப வேண்டும்.

அதன் பெயர் சண்டே லாண்டரி.
ஞாயிற்றுக்கிழமைத் துணிவெளுப்பு!
ஒன்றுக்கு இருபத்திரண்டு.
ஓட்டமோ மண்தளத்தில்.
மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பார்கள்.
நான் எங்கே இறங்கினேன், தள்ளிவிட்டார்கள்.
ஆனாலும் தண்ணீர் இடுப்புக்கு வந்ததும்
நீந்தத்தான் தோன்றியது.

காருக்கு முன் டயர் இரண்டையும் மாற்றினேன்.
இளம்பரிதியின் கடைவாய்ப் பல்லுக்கு உறை போட்டாயிற்று.
மிச்சத்தில் ஏதோ ஒரு ஹோட்டலில்
குளிரூட்டியை முழுசாகத் திருகிவிட்டு
யாரிடமும் சொல்லாமல் ஒரு பகல் தூங்கினேன்.
குதிரைகள் இன்னும் முதல் வளைவைத் தொடவில்லை.

முகங்களைத்தான் படிக்க முடியவில்லை அன்று.
எல்லா வாயும் திறந்தது,
எந்தக் குதிரைக்கென்று தெரியவில்லை.
தூணருகே மஞ்சள் கவுன் போட்ட ஒருத்தி மட்டும்
ஒன்பது, ஒன்பது என்று குதித்தாள்.
அவளைக் கண்ணால் இறுகப் பிடித்துக்கொண்டேன்.
அவள் எழும்பினாள், எழும்பினாள்,
பிறகு கூரையைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள்.
புகைப்படம் பார்க்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள்.
நான்கு நிமிடம்.
அவள் மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.
அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

ஒரு மூக்கு நீளம்.

ஐந்தாம் எண் கடைசிக்கு முந்தியது.
அந்தக் கூரையின் கீழ் அன்றைக்கு
கட்டின பணம் முழுசாகத் திரும்பியது
டெலானி ஒருவனுக்குத்தான்.
இரண்டு டாலரை ஜன்னலில் வைத்து
"நாளைக்கும் தப்பாகவே கேள்" என்றான்.

ஞாயிறு, விடியுமுன்னே போய்விட்டேன்.
ஏனென்று லூர்தெஸிடம்கூடச் சொல்லவில்லை.
மைதானத்தில் பனிமூட்டம், கந்தக ஊற்றின் மெல்லிய நாற்றம்,
லாயங்களின் முன்னால் ஈரச் சாக்குகள்.
எண் துணி இல்லாமல் எது எதுவென்று நான் என்ன கண்டேன்,
குளிப்பாட்டுகிற பையனிடம் கேட்டுத்தான் கண்டுபிடித்தேன்.
முதுகிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.
"நல்ல பெண்" என்றான்,
"மூக்குதான் கொஞ்சம் சின்னது."

கையை நீட்டினேன்.
உள்ளங்கையை முகர்ந்து பார்த்தது,
நூறு டாலர் மிச்சம் இருக்கிறதா என்பதுபோல.
இல்லையென்று தெரிந்ததும்
புல்லுக்குத் திரும்பிக்கொண்டது.

இப்போதெல்லாம் எந்த எண் என்று
எல்லோரிடமும் இரண்டு முறை கேட்கிறேன்.
டெலானியிடம் மட்டும் ஒரு முறை.